கோடையில் கிராமத்து வாசல்: தொட்டிச் செடி, வேலிப் பூ, தேடி வரும் உயிர்கள் – முழுமையான வழிகாட்டி

பங்குனிக் கடைசியில் மதுரை, சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது காய்ந்த நிலம்தான். கண்மாய் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வயலில் அறுத்த தாள் மட்டும் நிற்கும். வெள்ளாடுகள் கருவேல நெற்றுக்காக மரத்தடியில் காத்துக் கிடக்கும். லீவுக்கு வந்த பிள்ளைகள் “இங்க பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்பதில் தப்பில்லை.

தரையைப் பார்த்தால் அப்படித்தான். அண்ணாந்து பார்த்தால் வேம்பு பூத்திருக்கும், புங்கு தளிர்த்துப் பூச்சொரியும், வாகை மணக்கும், சித்திரை பிறந்ததும் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். இந்த வறண்ட சமவெளியின் மரங்களில் பல மழைக்குக் காத்திருக்காமல் கோடையிலேயே பூப்பவை. பூவுக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பறவை வருகிறது. பல பறவைகள் கூடு கட்டுவதும் இந்த மாதங்களில்தான். கோடையில் உண்மையான தட்டுப்பாடு தண்ணீருக்கும் நிழலுக்கும்தான்.

வாசலில் நாலு தொட்டி வைத்திருப்பவர் அந்த இரண்டையும் எப்படியும் தினமும் ஏற்பாடு செய்தாக வேண்டும். அதனால் தொட்டிச் செடி ஒரு வேலை, காட்டுப்பூ பார்ப்பது இன்னொரு வேலை, பறவை பார்ப்பது மூன்றாவது வேலை என்று நான் பிரிப்பதில்லை. வாசல் தொட்டியும் கொல்லை வேலியும் ஒரே தோட்டம். மாசிக் கடைசியில் தொடங்கி ஆடி வரை அதில் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: நர்சரிக்குப் போகும் முன் வேலியைச் சுற்றி வாருங்கள்

காலை ஏழு மணிக்குள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டு வேலி, பக்கத்துத் தரிசு, வாய்க்கால் கரை என்று ஒரு சுற்றுப் போய்வாருங்கள். தானாக முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்பவை எவை என்று எழுதுங்கள். உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் எது தாங்கும் என்பதை எந்த நர்சரிக்காரரையும் விட அந்தப் பட்டியல் சரியாகச் சொல்லும்.

பெரும்பாலும் முதலில் எழுதப்போவது எருக்கு. யாரும் மதிக்காத செடி. ஆனால் கோடை வேலியில் இதைவிடச் சுவாரசியமான செடி எனக்குத் தெரிந்து இல்லை. பூவின் மேல் பெரிய கருவண்டு ஒன்று உறுமிக்கொண்டு உட்காரும். அது வண்டு அல்ல, காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருக்கும் தச்சுத்தேனீ. எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது. கட்டியாக அந்தத் தேனீயின் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. எருக்கம்பாலின் நஞ்சை அது உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கும். இலையைத் திருப்பிய கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

அடுத்தது ஆவாரை. பூவும் உண்டு, கோடையிலும் பசுமை உண்டு. வெளிறிய மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்கும் கொன்றை வெள்ளையன்கள் கொன்றையிலும் ஆவாரையின் சொந்தக்காரச் செடிகளிலும் முட்டையிடும். அப்புறம் கோவைக்கொடி, வேலிப்பருத்தி, பிரண்டை, நெருஞ்சி, குப்பைமேனி. கரிசல் பக்கம் என்றால் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளையும் இருக்கும். மரம் என்றால் நுணாவும் வெட்பாலையும். இரண்டும் இந்தச் சமயத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நுணாவை மஞ்சணத்தி என்றும் சொல்வார்கள்.

சீமைக்கருவேல், பார்த்தீனியம், உன்னி மூன்றும் பட்டியலில் கட்டாயம் வரும். மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்து ஊரைப் பிடித்தவை. உன்னிப்பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கும் என்பது உண்மைதான், இருந்தாலும் அதைத் தொட்டியில் வைத்து வளர்க்க வேண்டாம். அதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைக் காடெல்லாம் பரப்பிவிடும்.

கோடையில் வேலியைச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள், வரப்புக்குத் தீ வைக்காதீர்கள். கௌதாரியும் ஆள்காட்டியும் தரையில் முட்டையிடுபவை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். காசும் ஆகாது.

படி 2: தொட்டியும் மண்ணும்

கத்திரி வெயில் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும். அதற்குள் செடி வேர்பிடித்திருக்க வேண்டும் என்பதால் தொட்டி வேலையை மாசி, பங்குனியிலேயே முடித்துவிடுவது நல்லது. சித்திரை நடுவில் புதுச்செடி வாங்கி நட்டால் பாதி போகும்.

மண்தொட்டிதான் என் முதல் தேர்வு. அதன் சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். அதே காரணத்தால் சீக்கிரம் காயவும் காயும். அதைத் தண்ணீர்ப் பகுதியில் பார்ப்போம். கறுப்பு நிற க்ரோ பேக்கை நேர் வெயிலில் வைத்தால் ஓரத்து வேர் வெந்துவிடும். வேறு வழியில்லை என்றால் சாக்கையோ தென்னை மட்டையையோ சுற்றிக் கட்டுங்கள். பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், வாய் உடைந்த பானை எல்லாம் சரிதான், அடியில் துளை இருக்க வேண்டும். அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 6 அங்குலத் தொட்டி ஒரே மத்தியானத்தில் காய்ந்துவிடும். 12 அங்குலத்துக்குக் குறையாமல் வையுங்கள்; ஆவாரை மாதிரி ஆணிவேர் இறங்கும் செடிக்கு 18 அங்குல ஆழம் வேண்டும்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். கரிசல் மண்ணை மட்டும் போட்டால் ஊறும்போது களியாகும், காயும்போது கல்லாகும். மணல் கலக்காமல் பயன்படுத்த வேண்டாம். பச்சைச் சாணியைக் கோடையில் தொட்டியில் போடவே கூடாது, சூடு கிளம்பி வேரைப் பொசுக்கும்.

மேலே 2 அங்குலம் மூடாக்கு. சருகு, வைக்கோல், கடலைத்தோல், எது கிடைத்தாலும் சரி. தொட்டிச் செடி கோடையைத் தாண்டுவதில் பாதிப் பங்கு இந்த மூடாக்குக்குத்தான்.

படி 3: இடமும் நிழலும்

காலை வெயில் படட்டும், மத்தியான வெயில் படக்கூடாது. கிழக்கு பார்த்த வாசலும் முருங்கை மரத்தடியும் அருமையான இடங்கள். முருங்கை நிழல் சல்லடையாக விழும், செடிக்கு வெளிச்சமும் போகும். மரம் இல்லாத இடத்தில் 50 சதவீத நிழல்வலையோ பனையோலைத் தட்டியோ கட்டுங்கள். தட்டிக்கு இன்னொரு வசதி: அதன் இடுக்குகளில் பல்லியும் சிலந்தியும் குடிவந்து பூச்சி வேலையில் பாதியைப் பார்த்துக்கொள்ளும்.

தொட்டிகளைத் தனித்தனியாகப் பரப்பாமல் நெருக்கமாக வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழும், நடுவில் ஈரக்காற்று நிற்கும். சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சூட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, தேளுக்காகவும்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 4: தண்ணீர்

விடிகாலையில் ஊற்றுங்கள். அடித்துளையில் எட்டிப்பார்க்கும் வரை நிதானமாக ஊற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதால் மேல்மண் நனையும், வேர் மேலேயே நிற்கும், வெயிலில் அந்த வேர்தான் முதலில் சாகும். ஊற்றும் முன் விரலை 2 அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மத்தியானம் இலை துவண்டிருப்பதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள். அந்தி சாய்ந்ததும் தானாக நிமிர்ந்தால் செடிக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலை.

நாலைந்து நாள் வெளியூர் போகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. பெரிய தொட்டியில் மெருகு பூசாத ஒரு சிறு மண்கலயத்தைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடிவிடுங்கள். மண் காயக் காயக் கலயம் கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரில்லாத ஊர்களில் கன்றுகளைக் காப்பாற்றிய பழைய பானைப் பாசனம்தான் இது. சிறிய தொட்டி என்றால் அதைவிடப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் போட்டு, மணலை நனைத்து வைத்துவிடலாம்.

இந்தப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தால் அதுதான் அடையாளம். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கிடைக்கிறதிலேயே நல்ல தண்ணீரை எடுத்துத் தொட்டியின் கொள்ளளவு போல இரண்டு மடங்கு ஊற்றி வடியவிடுங்கள். உப்பு கரைந்து அடியில் போய்விடும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர் இன்னும் உப்பு, அதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் எல்லாம் தாராளமாக ஊற்றலாம்.

படி 5: எதை வைப்பது

மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சமையலுக்கு, பூவுக்கு, பூச்சிக்கு.

சமையலுக்கு: கோடையைச் சளைக்காமல் தாங்குவது கொத்தவரை. வெண்டையும் அப்படியே. இரண்டும் விதைத்து ஒன்றரை மாதத்தில் காய் கொடுக்கும். தண்டுக்கீரை 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். தக்காளிக்கு இது காலமில்லை. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ பிஞ்சாகாமல் உதிரும். பழைய தக்காளிச் செடியை உயிரோடு வைத்திருக்கப் படும் பாட்டுக்கு ஆடியில் புதிதாக விதைப்பது எவ்வளவோ மேல்.

பூவுக்கு: மல்லிகைக்கு இதுதான் பருவம். கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்திருந்தால் பங்குனியிலிருந்து ஆனி வரை மொட்டு விடும். நல்ல வெயில் கேட்கும் செடி என்பதால் இதற்கு மட்டும் நிழல்வலை வேண்டாம். பூக்கும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். (2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மணத்தைத் தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள், பாதி வந்தாலே அதிர்ஷ்டம்.) வாடாமல் பூப்பவை என்றால் நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, நந்தியாவட்டை, இட்லிப்பூ. பத்துமணிப்பூவைக் குச்சி ஒடித்து நட்டாலே பிடிக்கும், ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும். செம்பருத்தி ஒன்று கட்டாயம் வையுங்கள், தேன்சிட்டு வரும். திருநீற்றுப்பச்சிலையைப் பூக்க விட்டால் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் காலை முழுக்க அதிலேயே கிடக்கும். வருடத்துக்கு ஒரே தடவை செம்பந்தாகப் பூக்கும் மே மலர்க் கிழங்கு பக்கத்து வீட்டில் இருந்தால் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். அதற்குக் கவனிப்பே தேவையில்லை.

பூச்சிக்கு: இந்தக் கூட்டத்தைத்தான் பலர் வைப்பதில்லை. பூ இருந்தால் வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது தங்க வேண்டுமென்றால் அதன் புழு தின்னும் இலை வேண்டும். ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட சில செடிகளில்தான் முட்டையிடும். நம் ஊருக்கு எளிதானவை இவை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் எலுமிச்சை அழகிக்கும் கறிவேப்பிலை அழகிக்கும் வீடு. சின்னப் புழு பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலையிலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் செல்போனை மறந்துவிடுவார்கள். ஆமணக்குச் செடியிலும் ஒரு வண்ணத்துப்பூச்சி வளரும். வேலியோரச் சிறுபூனைக்காலிக் கொடியில் இன்னொன்று.

ஆடுதின்னாப்பாளையை ஒரு தொங்கும் தொட்டியில் படரவிடுங்கள். கறுப்புச் சிறகும் சிவப்பு உடலுமாக இருக்கும் ரோஜா அழகிகள் அதைத் தேடி வரும். அந்த இலை நஞ்சு, அதைத் தின்று வளர்ந்த பூச்சியும் நஞ்சு, பறவை அதைத் தொடாது. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, நஞ்சே இல்லாமல், இதே ரோஜா அழகியின் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பித்துத் திரியும். இந்த இரண்டு செடியும் அருகருகே இருந்தால் அசலும் நகலும் ஒரே வாசலில் பறப்பதைப் பார்க்கலாம். ஆடுதின்னாப்பாளையை மட்டும் கைவைத்தியம் என்று யாரும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காட்டுச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். கோடையில் பிடுங்கியது பிழைக்காது. நெற்று எடுத்து வாருங்கள். ஆவாரை, கொன்றை விதைக்குத் தோல் கெட்டி. சுடுநீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்தோ உப்புத்தாளில் லேசாக உரசியோ விதைத்தால் முளைக்கும். ஆவாரையை இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும், வளரப்போகும் தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள்.

படி 6: பறவைக்கும் தேனீக்கும் ஒரு தட்டு

அகலமான மண்தட்டு ஒன்று. ஆழம் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பறவையின் கால் நிற்காது. வைக்கும் இடம் நிழலாக இருக்க வேண்டும், பக்கத்தில் பாய்ந்து ஒளிய ஒரு புதர் வேண்டும், பூனை பதுங்க இடம் இருக்கக் கூடாது. மூன்றும் கிடைக்கவில்லை என்றால் மரக்கிளையில் உறி கட்டித் தொங்கவிடுங்கள்.

தினமும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுத் தென்னைநாரால் தேய்த்துப் புதிதாக நிரப்புங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தினமும் மாற்றினால் அந்தக் கவலை இல்லை. சோப்பு வேண்டாம். இன்னொரு சின்னத் தட்டில் கூழாங்கல்லை நிரப்பி, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் விட்டால் தேனீ மூழ்காமல் குடிக்கும். ஒரு மூலையில் மணலைச் சிட்டிகை உப்புப் போட்டு நனைத்து வையுங்கள், ஆண் வண்ணத்துப்பூச்சிகள் அதை உறிஞ்ச வரும்.

முதலில் வருவது தவிட்டுக்குருவிக் கூட்டம். சண்டையும் சத்தமுமாக மொத்தமாகக் குளித்துவிட்டுப் போகும். அப்புறம் சின்னான், மைனா, அணில். இரை வைக்கிறவர்கள் உப்பும் எண்ணெயும் பட்ட மிச்சத்தைத் தவிர்த்துக் கம்பு, தினை வைக்கலாம். என்னைக் கேட்டால் தண்ணீர் போதும்.

படி 7: மாவுப்பூச்சி வந்தால்

வரும். செம்பருத்தியில் நிச்சயம் வரும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், அதிகம் பிடித்த கிளையை வெட்டி எரியுங்கள். எறும்பு ஏறுவதை நிறுத்துங்கள், மாவுப்பூச்சியைக் காவல் காப்பதே எறும்புதான். அப்படியும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள்.

வேப்பெண்ணெய்க்கு நல்ல புழு, கெட்ட புழு தெரியாது. அதனால் மூன்றாவது கூட்டத்துத் தொட்டிகளைச் சற்றுத் தள்ளித் தனியாக வைத்து, அங்கே எந்த மருந்தும் அடிக்காதீர்கள். கறிவேப்பிலையை இரண்டாக வையுங்கள்: ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. புழு மொட்டையடித்த செடி மறுபடி துளிர்க்கும்.

படி 8: உட்கார்ந்து பாருங்கள்

விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை, பிறகு ஐந்துக்கு மேல். நடுப்பகலில் பறவையும் நிழலில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், நீங்களும் திண்ணையில் கிடங்கள். 8x42 பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

காதில் முதலில் விழுவது குயில். கூவுவது கறுப்பு ஆண். பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் சத்தமில்லாமல் காக்கைக் கூட்டை நோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். காக்கை குயிலைத் துரத்தும் இடத்தில் எங்கோ கூடு இருக்கிறது என்று அர்த்தம். மொட்டைப் பனை பக்கம் பனங்காடையைத் தேடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது சாதாரணமாகத் தெரியும். மேலே போய்க் கத்திக்கொண்டு குட்டிக்கரணம் அடித்து இறங்கும்போது சிறகின் நீலம் கண்ணைப் பறிக்கும். இணை சேரும் காலத்து வேடிக்கை அது. மண்மேட்டிலோ கிணற்றுச் சரிவிலோ விரல் நுழைகிற அளவைவிடச் சற்றுப் பெரிய துளை தெரிந்தால் அது பஞ்சுருட்டான் குருவியின் வளையாக இருக்கலாம், தள்ளி நின்று காத்திருங்கள். தரிசில் ஆள்காட்டி ஊரைக் கூட்டினால் அந்தப் பக்கம் காலை வைக்காதீர்கள். கல்லோடு கல்லாக முட்டை கிடக்கும். உச்சி வெயிலில் அது தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும்.

சித்திரைத் தொடக்கத்தில் மரத்தடிச் சருகில் பல வண்ணத்தில் ஒரு குண்டுக்குருவி கிளறினால் அது ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தை நம் பக்கம் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் வழியில் இருக்கிறது. அதிகாலையும் அந்தியும் ஆறு மணிவாக்கில் கூப்பிடும்.

தொட்டிச் செடியிலேயே சின்னானோ தையல்சிட்டோ கூடு வைத்துவிட்டால் அந்தத் தொட்டியை நகர்த்தாதீர்கள். தண்ணீரை வேர்ப்பக்கம் மட்டும் மெல்ல விடுங்கள், போட்டோவுக்காகக் கிளையை விலக்காதீர்கள். கிளை விலகினால் காக்கைக்கு வழி தெரிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்து பறந்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்தால் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. கிளிக்குஞ்சையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பார்த்ததைத் தேதியோடு எழுதுங்கள். எந்த மரம் என்றைக்குப் பூத்தது என்று பதிவு செய்ய சீசன்வாட்ச், பறவைகளுக்கு இ-பேர்ட் என்று பொதுமக்கள் பங்கேற்கும் திட்டங்கள் இருக்கின்றன. வாசல் வேம்பு ஒன்றை வைத்தே சேர்ந்துகொள்ளலாம்.

படி 9: பாம்பும் தேளும்

ஈரமான தொட்டிக்குத் தேரை வரும், தானியம் இறைந்தால் எலி வரும், இரண்டையும் தேடிப் பாம்பு வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை, வருவதில் பெரும்பாலானவை சாரை மாதிரி விஷமில்லாதவை. கவனிக்க வேண்டியவை நாலு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்.

காலித் தொட்டிகளையும் செங்கல்லையும் வாசலில் குவிக்காதீர்கள். தொட்டியைத் தூக்கும் முன் காலால் ஒரு தட்டு தட்டுங்கள், இருட்டினால் டார்ச் இல்லாமல் தண்ணீர் ஊற்றப் போகாதீர்கள். கோடையில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகுங்கள், முடிந்தால் கட்டிலில் படுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் 1978-இல் தொடங்கிய நம் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் அதைப் பார்க்கலாம்.

தேளைப் பார்க்க ஆசையிருந்தால் ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச்சை இரவில் தொட்டி ஓரம் அடியுங்கள். பச்சை நீலமாக ஒளிரும். செருப்புப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

படி 10: வாசலைத் தாண்டி

முதல் இடம் உங்கள் ஊர்க் கோயில்காடு. அய்யனாருக்கு விட்ட காட்டில் வெட்டு விழுந்திருக்காது. வெளியில் காணாமல் போன மரமும் கொடியும் அங்கே இருக்கும். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், குச்சிகூட ஒடிக்க வேண்டாம், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மரத்தின் பெயர் அவருக்குத்தான் தெரியும். இலுப்பை இருந்தால் இரவில் பூவுக்கு வௌவால் வரும்.

மதுரைக்காரர்களுக்கு அரிட்டாபட்டி. மேலூர் பக்கத்தில் இருக்கும் இந்த மலைகளும் சுனைகளும் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளுக்குப் பேர் போன இடம். சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் பாண்டியர் குடைவரையும் உண்டு. ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சூடேறினால் கால் வைக்க முடியாது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கோடையில் போகாதீர்கள். அது கார்த்திகை, மார்கழிக்கான இடம்.

படி 11: கோடை மழை பெய்த அன்று

இடி இடித்து ஒரு மழை பெய்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். அந்தியில் ஈசல் கிளம்பும். கரிச்சான், காக்கை, இருட்டினதும் புள்ளி ஆந்தை என்று எல்லாவற்றுக்கும் அன்றைக்கு விருந்து. வாசல் விளக்கை அணைத்து வைத்தால் ஈசல் வீட்டுக்குள் வராது. மறுநாள் காலை செம்மண்ணில் பட்டுத்துணித் துணுக்கு மாதிரி சிவப்பாகத் தம்பலப்பூச்சி ஊரும். தொட்டியில் மழை அல்லி இருந்தால் சில நாளில் மொத்தமாகப் பூக்கும்.

தொட்டிகளில் நீர் தேங்கியிருந்தால் துளையைக் குத்திவிடுங்கள், மூடாக்கு அழுகியிருந்தால் மாற்றுங்கள். வேலியில் ஆவாரை நெற்று முற்றியிருக்கும். பாதியை எடுத்து நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் பெயர் எழுதி வையுங்கள், மீதியை வேலிக்கே விட்டுவிடுங்கள். ஆனியில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கியதும் மரத்தடியில் கிடக்கும் கொட்டையைச் சேகரியுங்கள். விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழந்துவிடும் என்பதால் முளைக்கப் போடுவதை அந்த வாரமே போடுங்கள். ஆடி பிறந்ததும் நிழல்வலையைக் கழற்றிவிட்டு, கீரைத் தொட்டி மண்ணைக் கொட்டிக் கிளறி ஒரு பங்கு தொழுவுரம் சேர்த்துத் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விடலாம்.